நூறாவது வருகைப் பதிவு

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு குமாஸ்தாவுக்கு ஹாரன் போன் செய்தான், குளியலறைக் குழாய் மூடிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று சொல்வதற்காக. மொத்தம் நான்கு நிமிடப் பேச்சு. குமாஸ்தா பிற்பாடு அந்த நான்கு நிமிடத்தை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். எதுவும் தவறாக இல்லை, ஒன்றைத் தவிர. ஹாரன் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவனுக்குப் பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பேசி முடித்துப் போனை மேஜைமேல் வைத்த பிறகும், ஒரு மூச்சு நேரம், அந்தச் சத்தம் அவர் காதில் நிற்காமல் இருந்தது.

"வாஷர் தேஞ்சிருக்கும். பிளம்பரைக் கூப்பிடு" என்றார்.

"லாரி இன்ஜினையே நடுரோட்டுல பிரிச்சு மாட்டினவன் நான். ஒரு குழாய்க்கு ஆள் கூப்பிடணுமா?"

"தரையெல்லாம் ஈரமா இருக்கும். வழுக்கும்டா."

"உன் தங்கமான அக்கறைக்கு நன்றி. என் தங்கச்சிய நல்லா வச்சுக்கோ, போதும். சரி, அது கிடக்கட்டும். நாளைக்கு நூறு, இல்ல?"

"ஆமா. நூறு."

"நான் ஒருத்தன் கை தூக்கலேன்னா உன் நூறு அம்போ. ஞாபகம் வச்சுக்கோ மாப்ள."

"போடா."

"போடா எல்லாம் இல்ல. 'மச்சான், தயவு செஞ்சு வா மச்சான்'னு போன் போட்டுக் கெஞ்சணும். அப்பதான் வருவேன்."

"உன்னைக் கெஞ்சுறதுக்குப் பதிலா கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போட்டுருவேன்."

ஹாரன் சிரித்தான். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாலும் அந்தச் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. சமையலறையிலிருந்து மனைவி, "அண்ணனா? போன் எதுக்கு அவருக்கு, ஜன்னலைத் திறந்து பேசினாலே கேக்குமே" என்றாள்.

ஹாரன் படையில் லாரி ஓட்டியவன். அவன் குரலுக்கு முன்னால் லாரி ஹாரனே தோற்றுப்போகும் என்று யாரோ சொல்லப்போய் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குமாஸ்தா அதே கம்பெனியில் வருகைப் பதிவேடு எழுதியவர். விடுப்பு முடிந்து ஹாரன் ஒருநாளும் சொன்ன நேரத்துக்குத் திரும்பியதில்லை. காலை அணிவகுப்பில் அவன் பெயரைக் கூப்பிடும்போது அவன் எங்கேயோ ஒரு பேருந்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பான். குமாஸ்தா அவன் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்துவிடுவார். மதியம் வந்து இறங்கியதும் அவர் முதுகில் ஓர் அறை விட்டு, "நீ எழுதிட்டேன்னா நான் அங்கதான்டா இருக்கேன்" என்பான். அப்படி வளர்ந்த நட்பில்தான் தன் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்தான்.

ஓய்வு பெற்ற பிறகு குமாஸ்தா தானாகப் புத்தகம் வாங்கிப் படித்து, இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து ஒன்றாக்கி, சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சாமான் அறையில் வைத்து, பழைய கம்பெனி ஆட்களுக்காக ஓர் இணையதளம் கட்டினார். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. "பெயின்ட் கடை போர்டு மாதிரி இருக்கு" என்று ஹாரன் சொன்னான். மேலே நாற்பத்தொரு பேர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் குழுப் படம். கீழே விலாசங்கள், யாருக்கு என்ன வியாதி, யார் வீட்டில் பேரன் பிறந்தான் என்கிற செய்திகள்.

கம்பெனியின் பழைய சமையல்காரர் இறந்த பிறகுதான் அது வேறொன்றானது. தனியாக இருந்த மனிதர். எட்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் ஹாரன் வண்டியை ஓரங்கட்டினான். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி, வாழ்நாளிலேயே அந்த ஒரே ஒருமுறை மெதுவாகச் சொன்னான்: "வாரம் ஒரு தடவை பேர் கூப்பிடு, குமாஸ்தா. பதில் வரலேன்னா போன் அடி. போன் எடுக்கலேன்னா பக்கத்துல இருக்கற நம்மாளை அனுப்பு. இனிமே நம்மள்ல ஒருத்தன் இப்படிக் கிடக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மிச்சமிருந்த இருபத்தெட்டு பேருக்கும் ஒரு மெயில் போகும். 'வருகை' என்ற ஒரு சொல். 'உள்ளேன்' என்று அவர்கள் பதில் போட வேண்டும். ஹாரன் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி 'உள்ளேன் ஐயா' என்று எழுதுவான், கிண்டலுக்கு. ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒரு மணி அடித்து, பெயருக்கு நேரே அதை ஏற்றிக்கொள்ளும். பன்னிரண்டு மணிக்குள் பதில் வராதவர் பெயர் சிவப்பாகி, பக்கத்தில் 'பதில் இல்லை. போன் செய்க' என்று எண்ணோடு வந்து நிற்கும். கண் தெரியாத இரண்டு பேர் போனில்தான் சொல்வார்கள் என்பதால், கையால் குறிக்கவும் ஒரு பொத்தான் வைத்திருந்தார். கையால் குறித்தால் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் விழும். அது குமாஸ்தா பார்க்கும் பக்கத்தில் மட்டும் தெரியும். மற்றவர்கள் கண்ணில் படாது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: தொடர்ந்து முழு வருகை, தொண்ணூற்றொன்பது வாரங்கள்.

அந்த எண்ணின் மேல் தனக்கு எப்போது ஆசை வந்தது என்று அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் இருபத்தேழு பதில் வந்துவிட்டது. கம்பெனியின் பழைய கம்பவுண்டர் நான்கு வரியில் ஒரு கவிதையே எழுதி அனுப்பியிருந்தார். கடைசி வரியில் எதுகை இடித்தது. நூறாவது வாரத்துக்கான வாழ்த்து மெயிலைக் குமாஸ்தா முந்தின நாளே எழுதி வைத்திருந்தார். ஹாரன் பெயருக்கு நேரே மட்டும் வெள்ளையாக இருந்தது.

பதினொன்றரை. பதினொன்றே முக்கால். அவர் போனைப் பார்த்தார். எடுத்தால், அந்தப் பக்கம் மூன்று மணி அடிக்க விட்டு, எடுத்ததும் ஒரு சிரிப்பு வெடிக்கும் என்று தெரியும். 'கெஞ்சுடா, கெஞ்சு.' அவருக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம், படையில் அத்தனை வருஷம் இவனுக்காகக் குறித்ததற்கு இவன் செய்கிற கைம்மாறு இது என்கிற கோபம். சமையலறையிலிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, பேனாவை எடுக்கிற அதே பழக்கத்தில், அவர் கை அந்தப் பொத்தானை அழுத்தியது.

உள்ளேன். பக்கத்தில் நட்சத்திரம். அடியில் நூறு.

வாழ்த்து மெயில் போயிற்று. அவர் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

சாயங்காலத்துக்குள் அவனே கூப்பிட்டுத் திட்டுவான் என்று காத்திருந்தார். கூப்பிடவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறான், இருக்கட்டும். சனிக்கிழமை காலை ஒருமுறை போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தி, மணி போவதற்குள் வைத்துவிட்டார். நான் ஏன் முதலில் பேச வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹாரன் வீட்டுக்குக் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்த ஓர் அம்மாவின் கூரையில் தண்ணீர் ஊறிச் சொட்டியது. மாடிக் கதவை உடைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வியாழக்கிழமை ராத்திரி வழுக்கி விழுந்திருக்கணும். இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு. நகர முடிஞ்சிருக்காது. சனிக்கிழமை வரைக்கும்கூட உயிர்..."

"இல்ல டாக்டர்" என்றாள் மனைவி. அழுது வீங்கிய முகத்தில் அவள் குரல் மட்டும் அசையாமல் இருந்தது. "வெள்ளிக்கிழமை பதினொன்னு அம்பத்திரண்டுக்கு எங்க அண்ணன் பதில் போட்டிருக்காரு. இவரோட கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்காரு. அதுக்கப்புறம்தான் விழுந்திருக்கணும். விழுந்ததும் போயிருக்கணும். கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "அப்படியும் இருக்கலாம்மா" என்றார்.

  வராந்தா முழுக்கக் கிருமிநாசினி வாசனை. குமாஸ்தாவின் செருப்பு நுனியில் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட சோப்புத் துணுக்கு ஒன்று இருந்தது; அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழ்வீட்டு அம்மா அவரை மட்டும் மாடிப்படியில் நிறுத்தினாள். "சார், உங்க வீட்டம்மாகிட்ட சொல்ல மனசு வரல. சத்தம் கேட்டுது சார். வெள்ளிக்கிழமை பகல் பூரா. அவர் எப்பவுமே அப்படித்தானே, டிவியோட சண்டை போடுவாரு. நான் தொடப்பக் கட்டையால கூரையில மூணு தட்டு தட்டினேன். சத்தத்தைக் குறைங்கன்னு. தட்டினா அடங்கிடுவாரு. அன்னைக்கும் அடங்கினாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும். மறுபடியும் தட்டினேன்." அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "போன் கட்டில் மேலயே இருந்திருக்கு சார். யாராச்சும் ஒரு போன் அடிச்சிருந்தா..."

கம்பவுண்டர் வீடு அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னாள். மற்றவர்கள் பார்க்கும் பக்கம். அதில் நட்சத்திரம் இல்லை. அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"வெறும் உள்ளேன்னு இருக்கு. ஐயா போடலையே அண்ணன்?"

"அவசரமா இருந்திருப்பான்."

அவள் தலையாட்டினாள். ஹாரன் பெயர் இருந்த வரியை மட்டும் கத்தரித்து, அலங்கார மேஜையின் கண்ணாடிக்கு அடியில், அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள். தினமும் தலை வாரும்போது அவள் விரல் ஒருமுறை அதன்மேல் போய் வரும். அந்த நேரத்தில் குமாஸ்தா அறையை விட்டு வெளியே போய்விடுவார்.

அடுத்த வெள்ளிக்குள் ஹாரன் பெயரை 'விடைபெற்றவர்கள்' பக்கத்துக்கு மாற்றினார். இருபத்தேழு மெயில் போனது. பத்தரைக்கே இருபத்தேழும் வந்துவிட்டன. அந்த வாரம் யாரும் வேடிக்கையாக எதுவும் எழுதவில்லை. கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் உறுமிக்கொண்டிருக்க, ஜன்னலில் மத்தியான வெயில் கண் கூச அடிக்க, அவர் ஏன் எழுந்து போகாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மணி அடித்தது.

டிங்.

உள்ளேன் ஐயா.

ஒரு கணம், வெட்கங்கெட்ட ஒரு கணம், அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கேயோ வழியில் சிக்கிக்கொண்ட மெயில். போன வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்கிறான். அப்படியானால் நான் பொய் எழுதவில்லை. வரப்போவதைக் கொஞ்சம் முன்னால் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். தேதியைத் தேடிப் பார்த்தார்.

இன்றைய தேதி. இந்த நிமிடம்.

அவர் எடுத்துவிட்ட வரி பட்டியலில் பழைய இடத்தில், கம்பவுண்டருக்கு அடுத்து, திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. இருபத்தெட்டு பேர். பக்கத்தில் நட்சத்திரம் இல்லை. அடியில் நூற்றொன்று.

அப்போதுதான் தரைக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டொக். டொக். டொக்.

குளியலறையில் ஏதோ விழுந்திருக்கும் என்று எழுந்து போய்ப் பார்த்தார். பக்கெட், குவளை, எல்லாம் இடத்தில் இருந்தன. நாற்காலிக்குத் திரும்பி, காலைத் தரையில் வைக்கும்போதுதான் புரிந்தது. அவர்கள் இருந்தது தரைத்தளம். கீழே வீடு இல்லை. மண்தான்.

அந்த வரியை அழித்தார். அதற்கடுத்த வாரம் வந்ததையும் அழித்தார். அதற்குள் கம்பவுண்டர் பார்த்துவிட்டார். போனில் அவர் குரல் கரகரத்தது.

"யோவ் குமாஸ்தா. பேரை எடுக்க மனசு வரலையா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றார்.

"ஐயான்னு வேற போட்டிருக்க, அவன் மாதிரியே. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரும் ஒண்ணும் கேக்காதீங்கன்னு. உன் மனசு எவனுக்குய்யா வரும்? நான் செத்தாலும் என் பேரையும் இப்படியே வச்சுக்கோ."

"உளறாதய்யா" என்று சொல்லி வைத்துவிட்டு, குமாஸ்தா வெகுநேரம் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தார். மோந்து பார்த்தபோது சோப்பு வாசனை அடித்தது. குளியலறையில் நாள்கணக்காகத் தண்ணீரில் ஊறிக் குழைந்துபோன சோப்பின் வாசனை.

யாரோ விளையாடுகிறார்கள் என்றும் நினைத்துப் பார்த்தார். ஹாரனின் போன் யாரிடமாவது இருந்தால்? அது தன் வீட்டு அலமாரியிலேயே, மனைவியின் புடவைகளுக்கு நடுவே இருந்தது. எடுத்துப் பார்த்தார். பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து கிடந்தது. செத்த போன்.

மூன்றாவது வெள்ளி, ஹாரனின் விலாசத்தையே அடைத்தார். பதினொன்று ஐம்பதுக்குக் கம்ப்யூட்டரை அணைத்தார். போதாதென்று பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். விசிறி நின்றதும் வீடு முழுவதும் நின்றுபோன மாதிரி ஆயிற்று. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. மனைவி எங்கோ துணி உதறினாள். அவர் கறுத்த திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிங்.

திரை கறுப்பாகவே இருந்தது. வயர் கையில் இருந்தது.

டொக். டொக். டொக்.

இந்தமுறை அவர் உள்ளங்காலில் உணர்ந்தார். சரியாக நாற்காலிக்கு அடியில். பொறுமை இழந்த ஒருத்தி, கட்டையின் நுனியால், சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள். அவர் சத்தம் போடவில்லையே. வாயே திறக்கவில்லையே. அறையில் யார் சத்தம் போட்டார்கள்?

அவர் காதைத் தீட்டிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம், குளியலறையில், மெல்லிசாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். குழாய் இறுக்க மூடியிருந்தது. குழாயின் வாய் காய்ந்திருந்தது. சத்தம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

நான்காவது வாரம் முழுக்க ஒரு மெயில் எழுதினார். 'நண்பர்களே, நூறாவது வெள்ளிக்கிழமை ஹாரன் பதில் போடவில்லை. நான்தான்...' அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. எழுதினார். அழித்தார். நாற்பத்தொரு முகங்களும் குழுப் படத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களைவிட அந்தக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத் துண்டுதான் அவரைத் தடுத்தது. அதை அவளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? 'கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு' என்று தூங்கப் போகும்போது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அவருக்குக் கேட்கும். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். அது பொய் என்றும் தெரியும். அவள் தன்னைப் பார்க்கப்போகும் அந்தப் பார்வைக்குப் பயம். வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நூற்று நான்கு.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, பதினொன்றரைக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பி வந்தபோது, நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். திரையில் அவர் மட்டும் பார்க்கும் பக்கம் திறந்திருந்தது.

"அண்ணனோட கடைசி பதிலை இன்னொரு தடவை பாக்கலாம்னு வந்தேன்" என்றாள். "இதுல அண்ணன் பேருக்கு மட்டும் ஒரு நட்சத்திரம் இருக்குங்க. அன்னைக்கு. அந்தக் கண்ணு தெரியாதவங்க ரெண்டு பேருக்கும் இருக்கு. அண்ணனுக்கு எதுக்கு?"

டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். கிடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். குழாயை, கிண்டலை, கோபத்தை, பொத்தானை, சனிக்கிழமை வைத்துவிட்ட போனை, மாடிப்படியில் அந்த அம்மா சொன்னதை. அவர் நினைத்ததைவிடச் சீக்கிரம் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஐந்து வாரம் கழுத்தை நெரித்தது இவ்வளவுதானா என்று இருந்தது.

மனைவி அழவில்லை. திரையையே பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்குப் போன் பண்ணியிருந்தா?"

அவர் குனிந்து டம்ளரைத் தரையில் வைத்தார்.

"அண்ணன் இருந்திருப்பாரு."

"ம்."

"அந்தக் கீழ்வீட்டம்மா தட்டத் தட்ட, அவர் வாயை மூடிட்டுக் கெடந்திருக்காரு. எங்க அண்ணன். வாயை மூடிட்டு." அவள் எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "அழிங்க அதை."

"எதை?"

"நீங்க எழுதினதை. அவர் சொல்லாததை அவர் சொன்னதா எழுதியிருக்கீங்களே, அதை."

அவர் உட்கார்ந்தார். நாற்காலியின் மெத்தை சில்லென்று ஈரமாக இருந்தது. அவள் உட்கார்ந்திருந்ததால் அல்ல. நூறாவது வாரத்தைத் திறந்து அந்த உள்ளேனை அழித்தார். நட்சத்திரம் போயிற்று. ஹாரன் பெயர் சிவந்தது. பக்கத்தில், அவரே என்றைக்கோ எழுதி வைத்த வரி வந்து நின்றது: பதில் இல்லை. போன் செய்க.

"பண்ணுங்க" என்றாள்.

"அந்தப் போன் உன் அலமாரியிலதான் இருக்கு. பேட்டரி..."

"பண்ணுங்கன்னு சொல்றேன்ல."

அவள் போய் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. புடவைகளுக்கு நடுவிலிருந்து அந்தப் போனை எடுத்து வந்து, அவர் முன்னால் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். உப்பிய பேட்டரி. பிளந்த மூடி. இருட்டான திரை. அவர் தன் போனில் எண்ணை அழுத்தினார். இந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லப்போகிறது. சொல்லட்டும். அதையாவது அவள் கேட்கட்டும்.

மணி போயிற்று.

அவள் கையில் இருந்த போன் அசையவில்லை. ஒளிரவில்லை. ஆனால் மணி போயிற்று.

இரண்டு. மூன்று.

கம்ப்யூட்டரின் விசிறி நின்றது. தெருச் சத்தம் நின்றது.

நான்கு. ஐந்து.

எடுத்தார்கள்.

முதலில் தண்ணீர். ஓர் அகலமான ஈரத் தரையில் நிற்காமல் விழும் தண்ணீர். அதற்குப் பின்னால், வெகு கீழே, டொக், டொக், டொக். போனுக்குள்ளும். அவர் காலுக்கு அடியிலும். ஒரே நேரத்தில்.

அவர் ஸ்பீக்கரை அழுத்தினாரா, தானாக ஆயிற்றா, தெரியாது. அறை முழுக்கச் சோப்பு வாசனை. அவள் தரையில் மண்டியிட்டுப் போனுக்கு முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அண்ணா?"

தண்ணீர்.

"அண்ணா, நாங்கதான்."

மூச்சு ஒன்று. இழுத்து, தேய்ந்து, மறுபடி இழுத்து. ஒரு காலத்தில் தெருமுனை வரை கேட்ட குரல் அது. இப்போது அதில் காற்று மட்டும் மிச்சம் இருந்தது. கீழே கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல, மிக மெதுவாக, மரியாதையாக, அது கேட்டது:

"பன்னெண்டு ஆயிடுச்சா, குமாஸ்தா?"

டொக். டொக். டொக்.

குரல் அடங்கிற்று. காத்திருந்தது.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. திரையில், அவர் அழித்த இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. உள்ளேன் ஐயா. நட்சத்திரம் இல்லை. அடியில் இருந்த அந்த எண் ஐந்துக்கு இறங்கியிருக்க வேண்டும். நூறாவது வாரத்தை உடைத்துவிட்டாரே.

இறங்கவில்லை. தொடர்ந்து முழு வருகை: நூற்றைந்து வாரங்கள்.